நடையை வெட்டிய கதை

விண்வெளியில் நடக்கிற கதை ஒன்று, பிழைப்புத் தேடி வடபழனிக்கு வந்து சேர்ந்தது.

பிறந்தது தூரத்துத் தீவு தேசம். அங்கே அந்தக் கதைப்பெண்ணைப் படம் படமாக வரைந்து, அசையவிட்டு, பன்னிரண்டு பாகமாகப் பிரித்து அனுப்பியிருந்தார்கள். அனிமே என்று சொன்னால் இப்போது எல்லாருக்கும் தெரியும். "கார்ட்டூன்தானே?" என்று கேட்கிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. இருக்கிற எரிச்சலே போதும்.

கதையில் சிக்கல் ஒன்றும் கிடையாது. ஒரு கப்பல், ஒரு நட்சத்திரத்தை விட்டு இன்னொரு நட்சத்திரத்துக்குப் போகிறது. உள்ளே நானூறு பேர் தூங்குகிறார்கள். போய்ச் சேரும்வரை எழுந்திருக்க மாட்டார்கள். காவலுக்கு சோபு என்று ஒரே ஒரு இயந்திர மனிதன். எங்கிருந்தோ வந்த கல் ஒன்று கப்பலின் வாலில் மோதி ஓட்டை போட்டுவிடுகிறது. சோபுவின் ஒரு காலும் உடைந்துவிடுகிறது. காற்று கசிகிறது. வால்பக்கத்துக் கதவை மூடினால் நானூறு பேரும் பிழைப்பார்கள். கதவு அந்தக் கோடியில், சோபு இந்தக் கோடியில். ஏழாம் பாகத்தில் நடக்க ஆரம்பிக்கிறவன் பன்னிரண்டாம் பாகத்தில் போய்க் கதவை மூட வேண்டும். அவ்வளவுதான்.

கதைக்கு அந்த நானூறு பேரும் பெற்ற பிள்ளைகள் மாதிரி. கதவு மூடினால் பிள்ளைகள் உண்டு, மூடாவிட்டால் இல்லை. அவளுக்கு வேறு கவலையே கிடையாது.

அவளிடம் இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். ஒருவன் ஓட்டம். சண்டை, துரத்தல், வெடி என்று வந்தால் அவனைத்தான் கூப்பிடுவாள். மற்றவன் நடை. ஒல்லியான ஆள், வாயே திறக்க மாட்டான். சோபுவின் காலுக்குள் இருந்துகொண்டு, ஒரு காலை ஊன்றி, உடைந்த காலை இழுத்து, "டொக்... சர்ர்ர்..." என்று போவான். வேறு சத்தம் கிடையாது. தூங்குகிறவர்களைத் தாண்டும்போது மட்டும் சத்தம் வராமல் காலைத் தூக்கி வைப்பான். அவர்கள் என்ன செய்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள் என்று அவனுக்கும் தெரியும். இருந்தாலும் தூக்கித்தான் வைப்பான்.

கதையை வாங்கியது, செல்போனில் தொடர் காட்டுகிற ஒரு சேனல். அதன் பொறுப்பாளர் ஜெயசீலன். தமிழ்க் குரல் கொடுப்பதற்கு முன்னால், மூலத்தை வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்தார். நடை போகிற போக்கைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டது அவருக்கு. மறுநாள் காலையில் வந்து, வசனம் எழுதுகிற மரகதத்திடம் சொன்னார்.

"எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு மரகதம். அதான் பயமா இருக்கு."

"பிடிச்சா நல்லதுதானே சார்?"

"எனக்குப் பிடிச்சது என்னிக்கு ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கு? போன தொடர் என்ன ஆச்சு? பாதியிலேயே தூக்கிட்டாங்க. இதையும் தூக்கினா என்னையும் சேர்த்துத் தூக்கிருவாங்க."

இந்த ஒரு பேச்சைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நமக்குப் பிடித்தால் அது தனி ரசனையாம், ஜனங்கள் என்றால் வேறு யாரோவாம். ஜெயசீலன் எந்தக் கிரகத்திலிருந்து வந்தார் என்று கேட்க ஆளில்லை.

"அஞ்சு நிமிஷம் அவன் பாட்டுக்கு நடக்கறான். பேச்சே இல்ல. போன் கெட்டுப்போச்சுன்னு தட்டுவாங்கம்மா. ஏதாவது வசனம் போடு."

"சார், அவன் சும்மா நடக்கட்டுமே."

"வாய் தெரியுதா அவனுக்கு?"

"வாயே கிடையாது சார். மூஞ்சியில ஒரு தகடுதான்."

ஜெயசீலனுக்கு அப்போதுதான் முகம் தெளிந்தது. டப்பிங்கில் ஒரு பழக்கம் உண்டு. பேசுகிறவன் வாய் திரையில் தெரிந்தால் அசைவுக்குத் தக்க சொல் தேட வேண்டும். முதுகைக் காட்டி நின்றானோ, என்ன வேண்டுமானாலும் பேசவைக்கலாம். கேட்பாரில்லாத புறம்போக்கு அது. சோபுவுக்கோ பிறவியிலேயே வாய் கிடையாது. பன்னிரண்டு பாகமும் புறம்போக்குதான். மரகதம் ஒருமுறை தலையைச் சொறிந்துவிட்டு எழுதப் போனாள்.

இப்படித்தான் விளக்கம் உள்ளே வந்தார்.

விளக்கத்தைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். படித்தவர். கணீரென்ற குரல். எல்லாருக்கும் எல்லாம் புரிய வேண்டும் என்கிற நல்லெண்ணம் வேறு. நல்லெண்ணத்தோடு வருகிற ஆளை வெளியே போ என்று சொல்லவும் முடியாது. வந்தவர் சுற்றுமுற்றும் பார்த்தார். உட்கார இடமில்லை. நடையின் தோள்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

நடை ஓர் அடி வைத்தான்.

"அதாவது," என்றார் விளக்கம், "காற்று கசிந்தால் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் உறங்குவோருக்கு ஆபத்து. ஆகவேதான் சோபு நடக்கிறான்."

அடுத்த அடி.

"அதாவது, அவனுக்கு ஒரு கால் உடைந்திருக்கிறது. ஆகவேதான் மெதுவாக நடக்கிறான்."

தூங்குகிறவர்கள் பக்கம் வந்ததும் நடை சத்தம் வராமல் காலைத் தூக்கி வைத்தான். அந்த இடத்திலாவது மனுஷன் சும்மா இருந்திருக்கலாம்.

"அதாவது, சோபு இப்போது வருத்தமாக இருக்கிறான்."

"ஐயா, அது பாக்கறவங்களுக்கே தெரியுமே" என்றாள் கதை.

"தெரியாதவர்கள் இருப்பார்கள் அம்மா. ஒருவர் விடுபட்டாலும் என் மனம் தாங்காது."

ஏழும் எட்டுமாக இரண்டு பாகம் இப்படியே வெளிவந்தது. நடை வியர்த்து வழிந்தான். உடைந்த காலை இழுக்க முடியாமல் இழுத்தான். அதன் பிறகு பார்த்தவர்களின் கருத்துகள் வர ஆரம்பித்தன.

முதல் கருத்து ஓட்டமும் பெருநடையுமாக வந்தது. "என்னங்க இது, எல்லாம் படபடன்னு போகுது. ஒண்ணுமே மனசுல நிக்கல."

"என்ன வேகத்துல வெச்சுப் பாத்தீங்க?" என்று கேட்டாள் கதை.

"ரெண்டு மடங்கு வேகத்துல. நேரம் இல்லீங்க."

இரண்டாவது கருத்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தது. "இழுவைன்னா இழுவை, அப்படி ஒரு இழுவை. ஒரு பாகம் பாத்து முடிக்க மூணு மணி நேரம் ஆகுது." விசாரித்ததில், நடுவில் சாம்பாருக்குத் தாளித்தது, கேஸ் சிலிண்டர் வந்தது, நாத்தனார் போன் பண்ணியது எல்லாம் அந்த மூன்று மணி நேரத்தில் சேர்த்தி. நாத்தனார் பேசியதற்கும் கதைதான் பொறுப்பு போலிருக்கிறது.

மூன்றாவது நிதானமாக வந்து நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது. "நான் இன்னும் பாக்கல. ஆனா பாத்தவங்க எழுதினதை எல்லாம் படிச்சேன். அதை வெச்சுச் சொல்றேன், இந்த மாதிரி விண்வெளிக் கதையில எல்லாம் வேகம் முக்கியம்." இப்படிப்பட்டவர்களுக்கு எங்கிருந்துதான் நாற்காலி கிடைக்கிறதோ.

நாலாவது கருத்துக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. வாசலில் நின்று தயங்கியது. "எல்லாம் தெளிவாப் புரியுது. தப்பே சொல்ல முடியாது. ஆனா ஏனோ பிடிக்கல. பாரமா இருக்கு."

கதை ஓடிப்போய் அதன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதைத்தான்மா நானும் சொல்றேன். பாரம் எங்க உக்காந்திருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லிட்டுப் போயேன்."

அது பார்ப்பதற்குள் பின்னாலிருந்து வந்த கூட்டம் அதைத் தள்ளிவிட்டது. ஸ்லோ, லேக், மொக்கை, தூக்கம் வருது, அறுவை என்று கூச்சல். ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், கூச்சல் பொய்யில்லை. வலி நிஜம். வயிற்றுவலிக்காரன் வலிக்கிறது என்று சொன்னால் நம்பத்தான் வேண்டும். எந்த இடத்தில் வெட்டலாம் என்று அவனையே கேட்டால் என்ன ஆகும்? அதைத்தான் ஜெயசீலன் செய்தார்.

செய்தவர் அதையாவது ஒழுங்காகச் செய்தாரா என்றால், அதுவும் இல்லை. ஜெயசீலனுக்கு நல்ல தமிழில் எழுத வேண்டும் என்று ஒரு ஆசை. அலுவலகத்தில் விடுமுறைக் கடிதம்கூட அப்படித்தான் எழுதுவார். 'ஸ்லோ' என்று எழுதக் கை கூசியது. வந்த கருத்தை எல்லாம் வடிகட்டி, படத்தொகுப்பு அறைக்கு இரண்டே வரியில் உத்தரவு அனுப்பினார்.

"நடை சரியில்லை. நீக்கிச் சீர் செய்க. ஓட்டம் தேவை."

ஸ்லோ என்றே எழுதித் தொலைத்திருக்கலாம்.

படத்தொகுப்பு அறையில் இருந்தது கத்தரி. அதற்குக் கோபமும் கிடையாது, இரக்கமும் கிடையாது. எழுதியிருப்பதைச் செய்யும். உத்தரவைப் படித்துவிட்டு நேராக நடையிடம் வந்தது.

"நீதானே நடை?"

அவன் தலையாட்டினான்.

கதை குறுக்கே வந்து நின்றாள். "இரு, இரு. அவர் சொன்ன நடை வேற. கதை போற போக்கைத்தான் நடைன்னு எழுதியிருக்காரு. இவனைச் சொல்லலை."

"எழுத்து ஒண்ணுதானே?"

"எழுத்து ஒண்ணுதான். அர்த்தம் வேற."

"அர்த்தத்தை நான் எதைக்கொண்டு வெட்டறது?" என்றது கத்தரி. "நடைன்னு எழுதியிருக்கு. இவன் பேரும் நடை. இன்னொரு நடை இருந்தா காட்டு, அதை வெட்டறேன்."

இன்னொரு நடையை எங்கே போய்க் காட்டுவாள் பாவம். அது கையில் பிடித்துக் காட்டுகிற பொருளா? அவள் விளக்கத்தின் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். நீங்க இறங்கினா இவன் பிழைச்சுக்குவான். இவன் பிழைச்சா என் நானூறு பிள்ளைங்களும் பிழைக்கும்."

"அதாவது, நான் இறங்கினால் மக்களுக்குப் புரியாது அம்மா. இந்தப் பிள்ளை தள்ளாடுவதைப் பாருங்கள். நான் மேலே இருந்து பிடித்துக்கொண்டிருப்பதால்தான் விழாமல் நிற்கிறான்."

சொல்லும்போது அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மனப்பூர்வமாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிச்சல்.

அப்போது, இத்தனை பாகத்தில் ஒரு வார்த்தை பேசாத நடை, முதல்முறையாக வாயைத் திறந்தான்.

"ஐயா, தோள் வலிக்குது. கொஞ்சம் இறங்குங்க. கதவு வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

கத்தரிகூட வாயைத் திறந்தபடி நின்றது. இதைவிட எளிமையாக ஒருவன் கேட்க முடியாது.

"அதாவது," என்றார் விளக்கம், எல்லாரையும் பார்த்து, "இவன் என்ன சொல்ல வருகிறான் என்றால், களைத்துவிட்டானாம். ஓய்வு வேண்டுமாம்."

"அப்ப அவனே கேட்டுக்கிட்டான்" என்றது கத்தரி. ஒரே வெட்டு.

நடை போய்விட்டான். சத்தம்கூட வரவில்லை.

ஒன்பதாம் பாகத்துக்கு ஓட்டத்தை அழைத்து வந்து சோபுவின் காலுக்குள் நிறுத்தினார்கள். ஓட்டம் காலைக் குனிந்து பார்த்தான்.

"அம்மா, ஒரு கால் உடைஞ்சு கிடக்கு. இதுல எப்படி ஓடறது?"

வெளியே மரகதமும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். "சார், கால் உடைஞ்சவன் திடீர்னு ஓடினா கேக்க மாட்டாங்களா?"

"கேப்பாங்க" என்றார் ஜெயசீலன். "அதுக்கு ரெண்டு வரி விளக்கம் போட்டுரு."

விளக்கம் ஏற்கெனவே ஓட்டத்தின் தோளில் ஏறிக்கொண்டிருந்தார். இடம் மாறியதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

"அதாவது, சோபுவின் உடலுக்குள் தன்னைத்தானே பழுது பார்த்துக்கொள்ளும் நுண்கருவிகள் உள்ளன. அவை இதுவரை ஏன் இயங்கவில்லை என்றால், கப்பலின் காந்தப்புலம் தடுத்தது. காந்தப்புலம் இப்போது ஏன் தடுக்கவில்லை என்றால்..."

இரண்டு வரி என்றுதான் ஆரம்பித்தது. ஒரு பொய்யைத் தாங்க ஒன்பது பொய் என்பார்களே, விளக்கமும் அதே சாதிதான். ஒவ்வொரு விளக்கத்துக்கும் ஒரு விளக்கம் தேவைப்பட்டது. பெரியவர் கண்முன்னாலேயே பருத்துக்கொண்டு போனார். ஓட்டம் நாலு தாவு தாவினான், ஐந்தாவதில் முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டான். கதவு இன்னும் பாதி தூரத்தில் இருந்தது. காற்று கசிந்துகொண்டுதான் இருந்தது.

கருத்துகள் மறுபடி வந்தன. இந்தத் தடவை இன்னும் கோபமாக. முன்னால் இருந்ததே தேவலை என்றது ஒன்று. முன்னால் என்ன இருந்தது என்று கேட்டது இன்னொன்று. விளக்கத்தை மட்டும் யாரும் குறை சொல்லவில்லை. "அந்தக் காந்தப்புல மேட்டரைத் தெளிவாச் சொன்னதுக்கு நன்றி" என்று ஒரு கருத்து அவருக்கு வணக்கம் போட்டுவிட்டுப் போனது.

ஜெயசீலனுக்கு மேலிடத்திலிருந்து போன் வந்தது. என்ன பேசினார்கள் என்று தெரியாது. அவர் பேசியது "சரிங்க சார்" மட்டும்தான். போனை வைத்துவிட்டு மறுபடியும் நல்ல தமிழில் எழுதினார்.

"ஓட்டமும் சரியில்லை. நீக்குக. எஞ்சியவற்றை ஒரே பாகமாக்கி முடிக்க."

"வீட்ல தனியா ஓட விட்டுப் பாக்கறப்ப எவ்வளவு நல்லா இருந்துச்சு" என்று மரகதத்திடம் சொன்னார்.

"அப்படியே விட்டிருக்கலாம் சார்."

"அதெல்லாம் இங்க எடுபடாது மரகதம்."

கத்தரி வந்தது. ஓட்டம் அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். "இந்தாளை மட்டும் இறக்கிவிடு. இப்பவே போய் மூடிட்டு வந்துடறேன். பாதி வழிதான் பாக்கி."

"இறக்குன்னு எழுதலையே" என்றது கத்தரி.

கதை அதன் முன்னால் உட்கார்ந்து அழுதாள். "எழுதினவருக்கும் தெரியலை, விளக்கறவருக்கும் தெரியலை. பாத்தவங்களுக்கு வலிக்குது, எங்கேன்னு தெரியலை. உனக்காவது கண்ணு இருக்கே, பாரேன். யாரு யாரை வெச்சு அமுக்கறாங்கன்னு பாரேன்."

கத்தரி பார்த்தது. அதற்குத் தெரிந்துதான் இருந்தது. இருந்தாலும் உத்தரவை இன்னொரு தடவை படித்துக்கொண்டது, பிறகு வெட்டியது.

கடைசிப் பாகம் வெளிவந்தது.

சோபு கப்பலின் நடுவில் நின்றான். காலுக்குள் நடையும் இல்லை, ஓட்டமும் இல்லை. அடி எடுத்து வைக்க யாருமே இல்லை. கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் கதவு திறந்து கிடந்தது. ஏறி உட்காரத் தோள் கிடைக்காமல், விளக்கம் தன் சொந்தக் காலில் தரையில் நின்றார். அப்போதுதான் கதை கவனித்தாள். அவருக்கு இரண்டு காலும் நன்றாகவே இருந்தன.

"ஐயா," என்றாள். "உங்களுக்குக் கால் இருக்கே. நாலு எட்டு வெச்சா கதவு. நீங்களாவது போய் மூடிட்டு வரக் கூடாதா?"

விளக்கம் அவளைப் பரிவோடு பார்த்தார்.

"அதாவது அம்மா, நான் நடப்பவன் அல்லவே. நடப்பதை விளக்குபவன்."

கதை தூங்குகிற பிள்ளைகளிடம் போனாள். ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்று முகத்தைப் பார்த்துவிட்டு, கடைசியில் இருந்த குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

விளக்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்தக் கதவை ஏன் மூட வேண்டும் என்பதை முதலிலிருந்து சொன்னார். மூடாவிட்டால் யார் யார் இறப்பார்கள், எந்த வரிசையில் இறப்பார்கள் என்பதைச் சொன்னார். அதுவரை யாரும் அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். காற்று குறையக் குறைய அவர் குரலும் மெலிந்தது. அது அவருக்கும் கேட்டது. உடனே, காற்றில்லாத இடத்தில் சத்தம் ஏன் கேட்பதில்லை என்று விளக்க ஆரம்பித்தார்.

அதில் பாதிதான் கேட்டது.